ஒரு நாட்குறிப்பும் ஒரு புனுகுப் பூனையும்: ஆங்கில நவீனத்துவர்களைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஓராண்டில் என்னிடம் திருத்தத்துக்கு வந்த கட்டுரைகளில் மூன்று, ஆங்கில நவீனத்துவத்தின் தொடக்ககால எழுத்தாளர்களைப் பற்றியவை. மூன்றிலும் ஒரே பூனை வந்தது. சிறுகதையாளர் காதரின் மான்ஸ்ஃபீல்டைக் குறித்து நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃப் தம் நாட்குறிப்பில் எழுதிய பூனை அது. எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாத இளைஞர்கள். ஆனாலும் இருபது ஆண்டுகளுக்கு முன் நான் வழுக்கி விழுந்த அதே படியில்தான் மூவரும் விழுந்திருந்தார்கள். ஆண்டுக் குழப்பம், பெயர்களை எழுதுவதில் நேரும் பிழை போன்றவற்றை மெய்ப்புப் பார்ப்பவரே பிடித்துவிடுவார் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எல்லோரையும் ப்ளூம்ஸ்பரியில் குடியேற்றுதல்

ப்ளூம்ஸ்பரி என்பது லண்டனின் ஒரு பகுதி; வுல்ஃப் தம்பதியர் இருந்த எழுத்தாளர், கலைஞர் குழுவுக்கும் அதுவே பெயர். நாவலாசிரியர்களான லாரன்ஸ், ஜாய்ஸ் ஆகியோரும் மான்ஸ்ஃபீல்டும் அந்தக் குழுவினர் அல்லர்.

எல்லோரையும் ஏழைகளாக்குதல்

‘வறுமையில் வாடிய எழுத்தாளர்கள்’ என்று ஒரே வாக்கியத்தில் அனைவரையும் அடைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. வர்ஜீனியாவுக்கு 1909இல் அத்தை ஒருவர் 2,500 பவுண்டு எழுதிவைத்துவிட்டுப் போனார். நியூசிலாந்தில் வங்கித் தலைவராக உயர்ந்த தந்தையிடமிருந்து மான்ஸ்ஃபீல்டுக்குத் தொடக்கத்தில் ஆண்டுக்கு 100 பவுண்டு வந்தது. அது போதாமல் அவர் திண்டாடினார் என்பது உண்மை, ஆனால் அது சுரங்கத் தொழிலாளியின் மகனான லாரன்ஸின் நெருக்கடியைப் போன்றதன்று. 1915இல் ‘தி ரெயின்போ’ நாவலை ஆபாசமென்று கூறி நீதிமன்றம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை அழிக்கச் சொன்னபோது, லாரன்ஸின் அன்றாடச் சோற்றிலேயே மண் விழுந்தது. கவிஞர் எலியட்டுக்கோ 1917 முதல் 1925 வரை லாயிட்ஸ் வங்கியில் மாதச் சம்பளம் இருந்தது. அவருக்கு இல்லாதது நேரம். வங்கியிலிருந்து அவரை மீட்பதற்காக கவிஞர் எஸ்ரா பவுண்ட் 1922இல் நண்பர்களிடம் நிதி திரட்டக் கிளம்பியபோது, எலியட் நன்றியைவிடச் சங்கடத்தையே அதிகம் உணர்ந்தார். யாருக்கு எங்கிருந்து எவ்வளவு வந்தது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கட்டுரையைத் தொடங்குங்கள்.

ஒரு நாளின் வரியை ஒரு வாழ்நாளின் தீர்ப்பாகக் கொள்ளுதல்

இப்போது பூனைக்கு வருகிறேன். 1917 அக்டோபர் 10ஆம் நாள் இரவு மான்ஸ்ஃபீல்ட் வுல்ஃப் தம்பதியரின் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார். மறுநாள் வர்ஜீனியா நாட்குறிப்பில், தெருவில் ஆள்பிடிக்க இறங்கிய புனுகுப் பூனையைப் போல நாறுகிறார் என்பது மான்ஸ்ஃபீல்டைப் பற்றிய முதல் எண்ணமாக இல்லாதிருந்தால் நன்றாயிருக்கும் என்று தாங்கள் இருவருமே விரும்புவதாக எழுதினார். வரி அங்கே முடிகிறது, பதிவு முடியவில்லை. இந்த எண்ணம் தணிந்ததும், அவர் மிகுந்த அறிவுக்கூர்மை உடையவர், எளிதில் பிடிபடாதவர், நட்பு பாராட்டத் தகுந்தவர் என்று அதே இடத்தில் வர்ஜீனியா தொடர்கிறார். என் மூன்று இளைஞர்களும் முதல் பாதியோடு நின்றுவிட்டார்கள். நானும் அன்று அங்கேதான் நின்றேன்.

காரணம் எளியது: நாட்குறிப்பை நான் படித்திருக்கவில்லை. ஒரு திறனாய்வு நூலில் மேற்கோளாக வந்த அரை வரியை எடுத்து, அதன்மேல் ‘பகை’ என்னும் தலைப்பில் ஓர் அத்தியாயத்தையே எழுப்பினேன். நூல் அச்சேறிய வாரத்தில்தான் நாட்குறிப்பின் முழுத் தொகுதி கைக்கு வந்தது. மறுநாள் காலையிலேயே அச்சகத்தைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னேன். அதற்குள் இரண்டு பாரம், அதாவது பல பக்கங்கள் கொண்ட இரண்டு அச்சுத் தாள்கள், ஓடிவிட்டிருந்தது. காகிதத்துக்கும் கூலிக்கும் என் கையிலிருந்துதான் போயிற்று. பணத்தையாவது மறந்துவிடலாம். அந்த அத்தியாயத்தின் ஒரு பகுதி முன்பே ஒரு சிற்றிதழில் வெளிவந்துவிட்டது. அதைத் திரும்பப் பெற வழியில்லை. இப்போது வந்த மூன்று கட்டுரைகளில் ஒன்றில் என் பழைய வாக்கியமே, என் பெயர் இல்லாமல், ஒற்றுப்பிழையோடு அப்படியே இருக்கக் கண்டேன். அந்த எரிச்சலை நான் யார்மேல் காட்டுவது?

தமிழில் இதற்கு இன்னொரு கேடும் உண்டு. ஒருவர் ‘புனுகுப் பூனையைப் போல மணக்கிறார்’ என்று மொழிபெயர்த்திருந்தார். சுவாமிக்குப் புனுகு சாத்திப் பழகிய மொழியில் இந்த வாக்கியம் வசையாக ஒலிக்காது, பாராட்டாகவே ஒலிக்கும். வர்ஜீனியா ஏளனம் செய்தது மிகையாகப் பூசிய வாசனைத் தைலத்தையும், அதற்குப் பின்னால் தாம் கண்டதாக எண்ணிய மலிவையும் என்பது புரியாமல் அந்த உவமையைத் தமிழுக்குக் கொண்டுவரவே முடியாது.

அந்த வரிக்குப் பிறகு நடந்தவற்றையும் பாருங்கள். 1917இல்தான் வுல்ஃப் தம்பதியர் கையால் இயக்கும் சிறிய அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கி, ஹோகார்த் அச்சகத்தைத் தம் வீட்டிலேயே தொடங்கியிருந்தார்கள். அதற்கு அவர்கள் மான்ஸ்ஃபீல்டிடம் கேட்டுப் பெற்ற நெடுங்கதை ‘ப்ரிலூட்’. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரி வரியாக அச்சுக் கோத்தவர்களில் முதன்மையானவர் வர்ஜீனியா. புனுகுப் பூனை என்று எழுதிய அதே கைதான் அந்தப் பூனையின் கதையை மாதக்கணக்கில் எழுத்தெழுத்தாகக் கோத்தது. 1918 ஜூலையில் சுமார் 300 படிகள் வெளிவந்தன. அடுத்த மாதமே மான்ஸ்ஃபீல்டின் ‘ப்ளிஸ்’ கதையைப் படித்துவிட்டு, இவர் கதை முடிந்தது என்று அதே வர்ஜீனியா இதழைத் தூக்கி எறிகிறார். 1919இல் வர்ஜீனியாவின் ‘நைட் அண்ட் டே’ நாவலை மதிப்பிடும் முறை மான்ஸ்ஃபீல்டுக்கு வந்தது. காசநோயோடு இத்தாலியக் கடற்கரையில் இருந்த அவர், போரே நடக்காததுபோல எழுதப்பட்ட அந்த நாவல் ஆன்மாவிலேயே பொய்யானது என்று கணவர் முரிக்குக் கடிதம் எழுதினார். அச்சில் வந்த மதிப்புரையிலோ அவ்வளவு கடுமை இல்லை. 1923 ஜனவரி 9 அன்று மான்ஸ்ஃபீல்ட் பிரான்சில் இறந்தார். ஒரு வாரம் கழித்து வர்ஜீனியா, தாம் பொறாமைப்பட்ட ஒரே எழுத்து அவருடையதுதான் என்றும், காதரின் படிக்கப்போவதில்லை என்பதால் இனி எழுதுவதில் பொருளில்லை என்று தோன்றியதாகவும் குறித்துவைத்தார்.

இவற்றில் எந்த வரியைத் தீர்ப்பாகக் கொள்வது? லாரன்ஸும் இப்படித்தான். 1920இல் மான்ஸ்ஃபீல்டின் நோயைச் சொல்லியே அருவருப்போடு ஒரு கடிதம் எழுதியவர், 1922இல் கப்பல் அவருடைய பிறந்த ஊரான வெலிங்டனில் நின்றபோது ‘நினைவுகள்’ என்னும் பொருள்தரும் ஒற்றை இத்தாலியச் சொல்லை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினார். முதல் கடிதத்தை மட்டும் படித்தவர் ‘லாரன்ஸின் கொடூரம்’ என்று எழுதுவார். அட்டையை மட்டும் கண்டவர் ‘அழியாத நட்பு’ என்று எழுதுவார். மேற்கோள் எடுக்கும்போது அது எந்த நாளில், யார் படிப்பதற்காக எழுதப்பட்டது என்பதையும் அதன் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். தனக்கே எழுதியதும், கணவருக்கு எழுதியதும், வாசகருக்கு அச்சிட்டதும் ஒரே எடையுள்ள சாட்சியங்கள் அல்ல.

‘வர்ஜீனியா வுல்ஃப் ஜாய்ஸை நிராகரித்தார்’

1918இல் ஜாய்ஸின் புரவலரான ஹாரியட் ஷா வீவர் அவருடைய ‘யுலிசஸ்’ நாவலின் கைப்பிரதியை வுல்ஃப் தம்பதியரிடம் கொண்டுவந்தார். 300 பக்கம் என்றாலே தங்கள் கை இயந்திரத்தில் குறைந்தது இரண்டு ஆண்டு ஆகும் என்று வர்ஜீனியா பதில் எழுதினார். அவருடைய கணவர் லெனர்ட் வெளி அச்சகங்களைக் கேட்டுப் பார்த்தார். ஆபாச வழக்கு வந்தால் பிரிட்டனில் அச்சிட்டவரும் குற்றவாளி என்பதால் அவர்கள் மறுத்தார்கள். வர்ஜீனியாவுக்கு அந்தப் பிரதி பிடிக்கவில்லை என்பதும் உண்மைதான். நிராகரிப்பு என்ற ஒற்றைச் சொல்லில் இயந்திரமும் சட்டமும் மறைந்துபோகின்றன.

பாத்திரத்தையும் ஆளையும் ஒன்றாக்குதல்

லாரன்ஸின் ‘விமன் இன் லவ்’ நாவலில் வரும் குட்ரன் என்னும் பாத்திரத்திடம் மான்ஸ்ஃபீல்டின் சாயல் உண்டு. சாயல்தான்.

எந்தப் பதிப்பு என்று பாராமை

எழுதியவற்றில் இயன்ற அளவு குறைவாக வெளியிட்டு, மற்றவற்றைக் கிழித்தும் எரித்தும் விடும்படி மான்ஸ்ஃபீல்ட் கேட்டிருந்தார். முரியோ குறிப்பேடுகளையும் உதிரித் தாள்களையும் ஒட்டவைத்து 1927இல் ‘ஜர்னல்’ என்று வெளியிட்டார். அந்தத் தொடர்ச்சி முரி உண்டாக்கியது. வர்ஜீனியாவின் நாட்குறிப்பிலிருந்து லெனர்ட் 1953இல் வெளியிட்டதும் எழுத்துப்பணி சார்ந்த பகுதிகளின் தேர்வே. ஐந்து முழுத் தொகுதிகள் 1977க்கும் 1984க்கும் இடையில்தான் வந்தன.

லெனர்டை ‘வர்ஜீனியாவின் கணவர்’ என்று மட்டும் குறித்தல்

அவர் 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசு நிர்வாக அலுவலகத்தில், பணியில் சேர்ந்தவர், தமிழ் கற்றவர். தமிழில் எழுதுகிறவர் இதை விட்டுவிட்டால் நான் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.