பழைய அமெரிக்க டாலர் நோட்டு சேர்க்கறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

பழைய டாலர் நோட்டு சேர்க்க ஆரம்பிக்கற முக்கால்வாசி பேர் பழசா இருந்தா காசு கொட்டும்னு நெனச்சுதான் ஏமாறுறாங்க. 1957-னு போட்ட, நீல சீல் குத்தின ஒரு டாலர் சில்வர் சர்டிபிகேட்ட (வெள்ளிக்கு மாத்திக்கலாம்னு அரசாங்கம் போட்ட நோட்டு) ஏதோ புதையல் மாதிரி ஆன்லைன்ல வித்துட்டு இருப்பாங்க, ஆனா அது கோடிக்கணக்குல அடிச்ச நோட்டு, கசங்கினது ரெண்டு மூணு டாலர் போனாலே பெருசு. அதக் குடுத்தா வெள்ளி தருவாங்கன்னு சொன்னாலும் நம்பாதீங்க, அத 1968 ஜூன்லயே நிறுத்திட்டாங்க. அதுலயும் நோட்டுல இருக்கற வருஷம் அச்சடிச்ச வருஷம் கிடையாது, டிசைனோட வருஷம். 1935-னு இருக்கற ஒரு டாலர் நோட்ட 60கள் வரைக்கும் அடிச்சுத் தள்ளியிருக்காங்க, பக்கத்துல இருக்கற எழுத்து மட்டும் ஏ, பி, சின்னு மாறிட்டே வரும்.

விலை வர்றது எத்தனை மிச்சம் இருக்குங்கறத வச்சுதான். 1890-னு போட்ட, ஆயிரம் டாலர் ட்ரெஷரி நோட்டு ஒண்ணு இருக்கு, பின்பக்கம் மூணு சைபரும் தர்பூசணி மாதிரியே இருக்கும், பேரே கிராண்ட் வாட்டர்மெலன். உலகத்துல விரல் விட்டு எண்ணிடலாம், 2014 ஏலத்துல ஒண்ணு கிட்டத்தட்ட 33 லட்சம் டாலருக்குப் போச்சு. அவ்ளோ தூரம் போக வேணாம், நேஷனல் பேங்க் நோட்டையே எடுத்துக்கங்க. 1863ல இருந்து 1935 வரைக்கும் அந்தந்த ஊர் பேங்க் பேர் போட்டு வந்த நோட்டு. பார்க்க ஒரே மாதிரி இருக்கற அஞ்சு டாலர்தான், ஆனா நியூயார்க்ல பெரிய பேங்க் போட்டதுன்னா சீப்பா கெடைக்கும், ஏதோ சின்ன ஊர்ல கொஞ்ச வருஷம் நடந்து மூடின பேங்க்னா விலை பல மடங்கு. அதனால ஊர் பேரும் சார்ட்டர் நம்பரும் (அந்த பேங்குக்கு அரசாங்கம் குடுத்த அனுமதி நம்பர்) பார்க்காம கைய வைக்காதீங்க.

நான் பண்ணின தப்பு வேற. 1899 அஞ்சு டாலர் சில்வர் சர்டிபிகேட், நடுவுல ரன்னிங் ஆன்டிலோப்ங்கற பழங்குடித் தலைவர் படம் இருக்குமே அது (தலையில இருக்கற இறகுக் கிரீடம் அவரோட இனத்துதே இல்ல, அது தனிக் கதை). மடிப்பே தெரியாம மொறுமொறுன்னு இருக்கேன்னு அவசரப்பட்டு நல்ல விலை குடுத்து வாங்கிட்டேன். கிரேடிங்குக்கு, அதாவது நோட்டோட தரத்தப் பார்த்துச் சொல்ற கம்பெனிக்கு அனுப்பினா தண்ணியில கழுவி அழுத்தினதுன்னு எழுதி வந்துச்சு, போட்ட காசுல பாதிகூடத் தேறல. இந்த நோட்டுல மை மேடா நிக்கும், பின்னாடி திருப்பிப் பார்த்தா அச்சு புடைச்சிருக்கறது தெரியும், அயர்ன் பண்ணினா அதெல்லாம் தட்டையாயிடும். லைட்ட சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க, கையில மடிப்பு தட்டுப்படலனாலும் மை விட்டுப்போன கோடு காட்டிக் குடுத்துடும். வாங்கறப்பவும் பாருங்க, அதவிட முக்கியம் உங்க கையில இருக்கறத நீங்களே அழகுபடுத்தறேன்னு ரப்பரு, சோப்பு, அயர்ன் பாக்ஸ் எதையும் எடுக்காதீங்க. அழுக்கா இருந்தா இருக்கட்டும்.

அடுத்தது டூப்ளிகேட். மஞ்சளா, மொடமொடன்னு இருக்கற பேப்பர்ல பேங்க் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ், 1840, ஆயிரம் டாலர், சீரியல் நம்பர் 8894-னு ஒண்ணு பார்த்தீங்கன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க, எங்க பார்த்தாலும் அதே நம்பர்தான் இருக்கும். உள்நாட்டுப் போர் காலத்துல தென் மாநிலங்கள் போட்ட கான்ஃபெடரேட் நோட்டுலயும் இதே கூத்து. ஒரு டாலரும் அதுக்கு மேலயும் உள்ள அசல் நோட்டுல கிளார்க்குங்க உட்கார்ந்து கையாலயே மையில கையெழுத்து போட்டாங்க, காப்பியில கையெழுத்தும் சேர்த்தே அச்சாகியிருக்கும். 1950கள்ல காலைச் சாப்பாட்டு சீரியல் டப்பாக்குள்ளயே இந்தக் காப்பிய இலவசமா போட்டுக் குடுத்திருக்காங்க, அதுதான் இன்னிக்கு தாத்தா பெட்டியில இருந்து கெடைச்சதுன்னு வருது. காப்பின்னு அதுலயே குறிச்சிருக்கணும்ங்கற சட்டம் 1973லதான் வந்துச்சு, அதுக்கு முந்தினதுல பெரும்பாலும் எதுவும் இருக்காது. 1934-னு போட்ட, ஒரு லட்சம் டாலர் கோல்ட் சர்டிபிகேட்ட யாராச்சும் வித்தா பேசவே பேசாதீங்க, அது அமெரிக்காவோட மத்திய வங்கிகளான ஃபெடரல் ரிசர்வ் பேங்குங்க தங்களுக்குள்ள வச்சுக்கிட்டது, தனியார் வச்சிருக்கவே கூடாது.

வைக்கறதுக்கு மைலார் (பாலியஸ்டர் பிளாஸ்டிக்) கவர் வாங்குங்க, பிவிசி வேணாம், டேப்பு, லேமினேஷன், ரப்பர் பேண்டு, கிளிப்பு எதுவும் வேணாம். கிரேடிங் கம்பெனி நோட்ட சீல் வச்சுக் குடுக்கற பிளாஸ்டிக் டப்பாவுலயும் போலி வருது, அதனால மேல இருக்கற நம்பர கம்பெனி சைட்ல போட்டு படத்தோட ஒத்துப் பாருங்க. பத்து டாலர்தான் விலை போகும்ங்கற நோட்டுக்கு கிரேடிங் ஃபீஸ் கட்டறது தண்டச் செலவு.

இன்னொண்ணு, 1861ல இருந்து அமெரிக்க அரசாங்கம் போட்ட நோட்டு எதுவும் செல்லாக்காசு ஆகல, இன்னிக்கும் செல்லும். அதனாலயே 500 டாலர் நோட்டு கெடைச்சா நேரா பேங்குக்கு ஓடுறவங்க இருக்காங்க. 500ம் அதுக்கு மேலயும் உள்ள நோட்ட 1969லயே நிறுத்தியாச்சு, நோட்டு சேர்க்கறவங்க அதுக்கு 500க்கு மேலயே குடுப்பாங்க, ஆனா பேங்க்ல உங்களுக்கு சரியா 500தான் வரும், நோட்ட அவங்க திருப்பி அனுப்பி அழிச்சுடுவாங்க.