சக நிரலாளருக்குக் கருத்துச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடன் பயில்பவரின் நிரலைப் படித்துவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதுவதே, பினாங்கில் கணினி நிரலாக்கம் பயிலும் நம் பிள்ளைகளிடம் நான் அதிகம் காணும் தவறு. மூத்தவர் எழுதியதில் குறை சொல்வதா என்ற தயக்கத்தால் வருவது அது என்றாலும், எழுதியவருக்கு அதனால் பயனில்லை. ‘இது சரியில்லை, மாற்றுங்கள்’ என்பதும் அவ்வாறே.

பயனுள்ள கருத்து, எந்த உள்ளீட்டுக்கு நிரல் எங்கே தவறுகிறது என்பதைக் காட்ட வேண்டும். பதிவுப் படிவத்தில் பெயரைச் சரிபார்க்கும் நிரல் ஒன்று, எழுத்துகளையும் இடைவெளியையும் மட்டுமே ஏற்கிறது என்று கொள்வோம். மலேசியத் தமிழர் பலரின் அடையாளக் கார்டில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையே ‘ஏ/எல்’ (மகன்) அல்லது ‘ஏ/பி’ (மகள்) என்று சாய்கோடு வருவதால், அவர்கள் தங்கள் பெயரையே பதிய முடியாமல் போகும். ‘பெயர்ச் சரிபார்ப்பில் கோளாறு’ என்று எழுதினால் எதைத் திருத்துவது? ‘முத்து ஏ/எல் ராமன் என்று உள்ளிட்டேன், நிராகரிக்கப்பட்டது, சாய்கோட்டை நீக்கியதும் ஏற்றுக்கொண்டது’ என்று எழுதினால், நிரலை எழுதியவர் அதையே தாமும் செய்து பார்த்து, நிரந்தரச் சோதனையாகவும் சேர்த்துக்கொள்வார். நம்மவர் கண்ணுக்கே முதலில் படக்கூடிய இத்தகைய பிழையைச் சொல்லாமல் விடுவதுதான் எனக்குப் பெரும் வருத்தம்.

பிழையையும் சொந்த விருப்பத்தையும் கலந்து எழுதுவது அடுத்த தவறு. மாறிக்கு (நிரலில் மதிப்பைத் தாங்கும் பெயருக்கு) வேறு பெயர் பிடிக்கும் என்றால், அதை விருப்பம் என்றே குறிப்பிடுங்கள்.

ஆளை எடைபோடுவது இவற்றைவிடக் கேடானது. ஐபிஎம் கணினி நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் 1976இல் நிரலைச் சிலர் கூடிப் படித்துப் பிழை தேடும் தமது ஆய்வு முறையை வெளியிட்டபோதே, ஆய்வில் கிடைக்கும் முடிவுகளை நிரலாளரின் பணித்திறனை மதிப்பிடப் பயன்படுத்தக் கூடாது என்று வலியுறுத்தினார். மதிப்பெண் குறையும் என்று அஞ்சுபவர் தம் நிரலைக் காட்டவே தயங்குவார்.

சொந்தப் பயிற்சியைத் திரும்பிப் பார்ப்பதிலும் இதே மேம்போக்குத்தனம் உண்டு. ‘இன்று லூப் (கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது) பயின்றேன்’ என்ற குறிப்பு எதையும் கற்பிக்காது. ‘பைத்தான் நிரல்மொழியில் ரேஞ்ச்(1, 10) என்றால் பத்து வரை வரும் என்று எண்ணினேன், ஒன்பதோடு நின்றது, இறுதி எண் கணக்கில் சேராது’ என்று எதிர்பார்ப்பையும் விளைவையும் காரணத்தையும் அன்றே எழுத வேண்டும். வாரக் கடைசிக்குத் தள்ளிவைத்தால் விடை நினைவில் நிற்கும், தவறாக எண்ணியது எப்படி என்பது மறந்துவிடும். நிரலைப் பிறரிடம் தரும்போது, ஐயம் எஞ்சியுள்ள இடத்தையும் இக்குறிப்போடு சேர்த்துச் சொல்லிவிட்டால், படிப்பவர் அங்கிருந்தே தொடங்கலாம்.