குழந்தையின் பானத்தில் சர்க்கரைக்கு மாற்றான இனிப்பூட்டியைக் கண்டறிவது எப்படி?

பேரங்காடியில் பானப் பெட்டியை எடுத்ததும், முன்புறத்தில் 'சர்க்கரை இல்லை' என்றிருப்பதோடு நின்றுவிடாமல், அதைத் திருப்பி, உட்பொருள் பட்டியலில் அஸ்பார்டேம் (951), சுக்ரலோஸ் (955), அசெசல்ஃபேம் பொட்டாசியம் (950), ஸ்டீவியா (960) ஆகிய பெயர்களையோ எண்களையோ தேடுங்கள். சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் நடப்பிலுள்ள, பானங்களை 'ஏ' முதல் 'டி' வரை தரம் பிரிக்கும் நியூட்ரி-கிரேட் முறையில், இனிப்பூட்டி சேர்த்த பானத்துக்குச் சர்க்கரை அறவே இல்லாவிட்டாலும் 'ஏ' தரம் கிடைக்காது. எனவே 'பி' தரக் குறியின்கீழ் சர்க்கரை 0 விழுக்காடு என்றிருந்தால், பட்டியலை இன்னொரு முறை படியுங்கள்.

ஃபினைல்கீட்டோனூரியா (அஸ்பார்டேமிலிருந்து வரும் ஃபினைலலனின் என்னும் பொருளை உடலால் சரிவரச் சிதைக்க முடியாத பிறவி நோய்) உள்ள குழந்தைக்கு அஸ்பார்டேம் கூடவே கூடாது. மற்றப் பிள்ளைகளுக்கு அது நஞ்சன்று. ஆயினும் பிஞ்சு நாக்கு மிகை இனிப்புக்கே பழகிவிடுமே என்பதுதான் என் கவலை. பாலர் பள்ளிக்கு அனுப்பும் புட்டியில் தண்ணீரே போதும். ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளைக்கு, பானத்தில் வாரந்தோறும் சற்றுக் கூடுதலாகத் தண்ணீர் கலந்து, இனிப்பை மெல்லக் குறைத்து வாருங்கள்.