மெலிந்த தோலும் தேயும் எலும்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புறங்கைத் தோல் மெலிந்து அடியில் ஓடும் இரத்தக் குழாய்கள் வெளியே தெரிவது, லேசாக இடித்துக்கொண்டாலே ஊதா நிறத் திட்டு தோன்றுவது, பிளாஸ்திரியை உரிக்கும்போது தோலும் சேர்ந்து கிழிவது ஆகியவற்றை 'வயதானால் இப்படித்தான்' என்று ஒதுக்கிவிடுவது முதல் தவறு. எலும்பும் பலவீனமாகி வருவதை இவை சுட்டக்கூடும். எலும்பு வெறும் கால்சியக் கட்டி அன்று. கொலாஜன் என்னும் புரத இழைகளாலான சட்டகத்தின்மீது கனிமம் படிந்தே அது உருவாகிறது. அச்சட்டகத்தின் புரதத்தில் ஏறத்தாழ 90%, 'டைப் 1' எனப்படும் கொலாஜன் ஆகும். தோலின் உள்ளடுக்கிற்கு வலுவூட்டுவதும் பெரும்பாலும் இதே கொலாஜன்தான். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறையும்போது, முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜன் சுமார் 30% வரை குறையக்கூடும். எலும்பு அடர்த்தி வேகமாகச் சரிவதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். முதிய பெண்களின் ஊடுருவித் தெரியும் புறங்கைத் தோலுக்கும் எலும்புப்புரைக்கும் (அடர்த்தி குறைந்து எலும்பு எளிதில் முறியும் நிலை) உள்ள தொடர்பை 1963-லேயே லான்செட் மருத்துவ இதழில் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தோல் மெலிந்திருப்பதாலேயே எலும்பும் பலவீனமாகிவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. பல ஆண்டுகள் வெயில் பட்ட முன்கைகளில் தோல் தானாகவே நைந்துவிடும். ஆஸ்பிரினும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளும் எளிதில் கன்றிப்போகச் செய்யும். தோல் வழவழப்பாக, உறுதியாக இருப்பதால் எலும்பும் நலமாக இருக்கிறது என்று நம்புவதும் அதே அளவுக்குப் பிழையானது. தோல் ஒரு கேள்வியை எழுப்புகிறது. அதற்கான விடை எலும்பு அடர்த்திப் பரிசோதனையில்தான் கிடைக்கும்.

மிகுந்த தீங்கு விளைவிப்பது ஸ்டீராய்டு மருந்துகளை மறந்துவிடுவது என்பது என் கருத்து. ஆஸ்துமாவுக்கோ முடக்குவாதத்துக்கோ பிரெட்னிசோலோன் போன்ற மாத்திரைகளை மூன்று மாதங்களுக்கு மேல் சாப்பிடுபவர்களிடம், ஒரே மருந்து தோலையும் மெலிய வைக்கிறது, எலும்பையும் கரைக்கிறது. அதிலும் எலும்பிழப்பு முதல் சில மாதங்களிலேயே மிக வேகமாக நடக்கிறது. அதனால் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுவதற்கு இங்கே இடமில்லை. மருந்தைத் தொடங்கும்போதே எலும்பைப் பற்றியும் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். உள்ளடக்கம் குறிப்பிடாமல் விற்கப்படும் மூட்டுவலி மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்பதால், அவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் இதைப் படித்துவிட்டு அஞ்சி, மாத்திரையைத் திடீரென நிறுத்துவது எலும்பிழப்பைவிட உடனடி ஆபத்து: நீண்ட நாள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு பெற்ற உடலில் இயற்கையான ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி உறங்கிக் கிடக்கும், அது விழித்துக்கொள்ள அவகாசம் தந்து, மருத்துவர் படிப்படியாகவே அளவைக் குறைப்பார். எந்த ஸ்டீராய்டும் எடுக்காத நடுவயதினருக்குத் தோல் மெலிந்து, எளிதில் கன்றி, வயிற்றில் ஊதா நிற வரிகள் தோன்றி, படியேற முடியாத அளவுக்குத் தொடைத் தசைகள் தளர்ந்தால், கார்டிசோல் என்னும் அந்த இயற்கை ஸ்டீராய்டை உடலே மிகுதியாகச் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பரிசோதனையிலும் தவறுகள் நேர்கின்றன. இரத்தத்தில் கால்சியம் சரியான அளவில் இருப்பதைக் கண்டு ஆறுதல் அடைகிறார்கள். இரத்தத்தின் அளவைக் காப்பதற்காக உடல் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால், எலும்புப்புரை உள்ள பெரும்பாலோருக்கும் அந்த முடிவு இயல்பாகவே வரும். சாதாரண எக்ஸ்ரேயில் குறை தெரிவதற்குள் எலும்பில் கணிசமான பகுதி போயிருக்கும். எலும்பு அடர்த்தியை அளக்க முதுகெலும்பிலும் இடுப்பிலும் எடுக்கும் டெக்ஸா ஸ்கேனே பொருத்தமானது. அதில் டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளவயதினரின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிட்டுத் தரும் எண்) -2.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் அது எலும்புப்புரை. நின்ற நிலையிலிருந்து விழுந்து மணிக்கட்டோ இடுப்போ முறிந்தவர்களும், சில செ.மீ. உயரம் குறைந்தவர்களும் தோல் எப்படியிருந்தாலும் தாமதிக்கக் கூடாது. இது பெண்களின் நோய் என்று ஆண்கள் விலகி நிற்பதும் தவறு.

கொலாஜன் பொடியும் தோல் கிரீமும் எலும்பு முறிவைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கால்சியமும் வைட்டமின் டி-யும் தேவையானவை. எனினும் எலும்புப்புரை உறுதியானபின் அவை மட்டும் போதா. எலும்பு கரைவதைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன, அவற்றைத் தொடங்குவது பற்றி மருத்துவரிடம் நேரடியாகவே கேட்கலாம்.