அமெரிக்கப் பாஸ்போர்ட்டோடு பெங்களூருக்குக் குடிவர

நியூஜெர்சியிலிருந்து அல்சூருக்குக் குடிவந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. என்னைப் போல அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர்கள் முதலில் ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) விண்ணப்பியுங்கள். பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்த சான்றிதழ் இல்லாமல் அது நகராது. அட்டை வந்துவிட்டால் விசா வேண்டாம். பெரும்பாலான வேலைகளும் பார்க்கலாம்.

வீட்டு முன்பணத்தைத் தனியாக ஒதுக்குங்கள். வீட்டுக்காரம்மா பத்து மாத வாடகை கேட்டார். பேசிப் பேசி ஆறுக்கு இறக்கினேன். காலி செய்யும்போது வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

வரியில்தான் பலர் சறுக்குகிறார்கள். எங்கே வாழ்ந்தாலும் அமெரிக்கக் குடிமக்கள் அந்நாட்டுக்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு ஜூன் 15 வரை அவகாசம் உண்டு. ஆனால் பாக்கித் தொகைக்கு வட்டி ஏப்ரல் 15 முதலே ஏறும். இந்தியக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் (வெளிநாட்டு வங்கிக் கணக்குகளை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும்) அறிக்கை கட்டாயம். அம்மாவோடு சேர்ந்து வைத்திருந்த கூட்டுக் கணக்கை நான் முதல் ஆண்டு விட்டுவிட்டேன், அதுவும் சேரும். இந்திய மியூச்சுவல் ஃபண்டில் அவசரப்பட்டுப் போடாதீர்கள், அமெரிக்க வரி அவற்றைக் கடுமையாகப் பிடிக்கும். இங்கே கட்டிய வருமான வரியை அமெரிக்க வரியிலிருந்து படிவம் 1116 வழியாகக் கழிக்கலாம். அமெரிக்க வரியாண்டு ஜனவரியிலும் இந்திய நிதியாண்டு ஏப்ரலிலும் தொடங்குவதால் சம்பளச் சீட்டுகளை மாதவாரியாகக் கோப்பில் அடுக்கி வையுங்கள்.