ஓடாத வண்டிக்கு டயர் தேயாதா?

எங்கள் மாருதி 800 வருடத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். திருவான்மியூரிலிருந்து மயிலாப்பூர், அங்கிருந்து வீடு, அவ்வளவுதான். "டயர் புதுசாட்டம் இருக்கு" என்று நானே பெருமை பேசிக்கொண்டிருந்தேன். ஒரு மே மாத மதியம் ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டியதும் பின்பக்க இடது டயர் வெடித்தது. ஸ்டெப்னியை எடுத்தால் அதிலும் காற்று இல்லை. வெடித்த சக்கரத்தைக் கழற்றி ஆட்டோவில் போட்டுக்கொண்டு பஞ்சர் கடை தேடிப் போனேன். கடைக்காரர் டயரை ஒரு சுற்று சுற்றி, பக்கவாட்டில் விரலை வைத்தார். 1811 என்று நான்கு எண்கள். "2011-ல பதினெட்டாவது வாரம் செஞ்சது சார். பட்டன் இருக்கு, ரப்பர் செத்துப்போச்சு." பட்டன் என்றால் டயரில் தரையைத் தொடும் மேடான ரப்பர்.

பழைய வண்டிக்காரர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்: டயரின் ஆயுளைக் கிலோமீட்டரில் கணக்குப் போடுவது. வெயிலும் காற்றிலிருக்கும் ஓசோனும் ரப்பரை இறுக வைத்துவிடும். வண்டி ஓடினாலும் நின்றாலும் அது நடக்கும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் இன்னும் மோசம், காற்று இறங்கி ஒரே பக்கம் நசுங்கிக் கிடக்கும். ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடம் ஒருமுறையாவது விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வருடம் ஆனதைப் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடச் சொல்லி டயர் கம்பெனிகளே சொல்கின்றன. அந்த நான்கு எண்களில் முதல் இரண்டும் வாரத்தைக் குறிக்கும், அடுத்த இரண்டும் வருடத்தை. பல டயர்களில் இது ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே போயிருந்தால் செல்போன் டார்ச்சோடு தரையில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். லுங்கி கட்டிக்கொண்டு செய்வது உத்தமம்.

எண்ணைப் பார்க்கும்போதே பக்கச் சுவரையும் தடவிப் பாருங்கள். மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் வயதாகிவிட்டது. எங்காவது எலுமிச்சம்பழம் மாதிரி புடைத்திருந்தால் ரப்பருக்கு உள்ளே டயரைத் தாங்கும் நூல் அறுந்திருக்கிறது. அதற்கு வைத்தியமே கிடையாது, மாற்றியே ஆக வேண்டும்.

தேய்மானத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. காருக்கு அந்த உயரம் 1.6 மில்லிமீட்டர், இரு சக்கர வண்டிக்கு 0.8. ஆனால் அது கடைசி எல்லை. 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்ததுமே நனைந்த சாலையில் பிரேக் தள்ளிப்போய்ப் பிடிக்கும். ஐப்பசி மழையில் வேளச்சேரிப் பக்கம் போய்வருகிறவர்கள் புரட்டாசியிலேயே பார்த்துவிடுவது நல்லது. நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கும் கோணம் சரியில்லை. காற்றைக் காலையில், டயர் சூடாகும் முன் பிடியுங்கள். வெயிலில் ஓட்டிவந்து பார்த்தால் நான்கைந்து பிஎஸ்ஐ கூடக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடுவது இன்னொரு தவறு.

சரி, பணம் இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது. எங்கே போடுவது? "இன்ஜின் முன்னாடி இருக்கு, ஸ்டியரிங் முன்னாடி இருக்கு, புதுசை முன்னாடி போடு" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் போடுவதுதான் சரி. ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஸ்டியரிங்கில் அது தெரியும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரமாகச் சுற்றும். நம்மைப் போன்ற சாதா டிரைவரால் அதைத் திருப்பிப் பிடிக்க முடியாது. மீதமிருக்கும் நல்ல டயர்கள் முன்னால் போகட்டும், மொட்டையை எங்கேயும் போடாதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் டயர் வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ரிம், நட்டு, ஜாக்கி என்று புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் தேடுவதில் தப்பில்லை. டயரை மட்டும் அப்படித் தேடாதீர்கள். தேய்ந்த டயரில் சூடான கத்தியால் பள்ளம் வெட்டி, கறுப்பு பாலிஷ் பூசி வைத்தால் பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும். லாரி டயர்களில் சிலவற்றை அப்படி வெட்ட இடம் வைத்தே செய்கிறார்கள். கார் டயரில் அந்த இடம் கிடையாது, வெட்டினால் நூலுக்கு மேல் தாளளவு ரப்பர்தான் மிஞ்சும்.

பஞ்சர் கடைக்கு வருவோம். டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் குச்சியால் குத்தி அடையாளம் வைத்து, தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டு போடுகிறார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கும் நாம் டயரைப் பார்ப்பதில்லை. குத்திய பொருள் அதில்தான் இருக்கிறது. ஒருமுறை ஒரே வாரத்தில் ஒரே இடத்தில் மூன்று ஒட்டு போட்டேன். மூன்றாவது கடையில் ஒரு பெரியவர் பழந்துணியைச் சுருட்டி டயரின் உள்பக்கம் மெதுவாக ஓட்டினார். துணி ஓரிடத்தில் சிக்கியது. இடுக்கியால் இழுத்தார், தலைமுடி கனத்தில் ஒரு கம்பி வந்தது. தேய்ந்த லாரி டயர்களிலிருந்து உதிரும் கம்பி அது என்றார். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

எங்களைப் போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு எதிரி ரிம். உப்புக்காற்றில் துருப்பிடித்து, செதில் செதிலாக உரிந்து, உள்ளிருந்தே டியூபை அறுக்கும். டயர் கழன்றிருக்கும்போதே துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். புது டயருக்குள் பழைய டியூபைப் போட்டு நூறு இருநூறு மிச்சம் பிடிப்பதும் வேண்டாம். இழுபட்டுப் பெருத்த டியூப் உள்ளே மடிந்து, அந்த மடிப்பிலேயே கிழியும்.

காற்று போனதும் "கடை பக்கத்துலதானே" என்று உருட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒட்டுப் போட வேண்டிய டியூப் கந்தலாகிவிடும், டயரின் பக்கச் சுவரும் உள்ளே அரைபட்டுப் போகும். பிறகு டயரைப் பிரித்தால் கறுப்புத் தூள் கொட்டும். அங்கேயே ஓரம்கட்டுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, மூலைக்கு மூலையாக எதிர்ப்புறச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு அப்புறம் ஜாக்கி. பழைய வண்டியில் ஜாக்கி வைக்கும் விளிம்பே துருவேறி இற்றிருக்கலாம். அப்படியிருந்தால் ஜாக்கி பாடியைத் துளைத்துக்கொண்டு மேலே போகும், வண்டி கீழே இறங்கும். வீட்டிலிருக்கும்போதே குனிந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஈசிஆர் ஓர மணலுக்கு ஒரு பலகைத் துண்டும் டிக்கியில் கிடக்கட்டும். சில கடைகளில் கன் என்கிற மெஷினை வைத்து நட்டை இறுக்கமாக முறுக்கிவிடுவார்கள். அதை நடுரோட்டில் கையால் திறக்க ஆஞ்சநேயர்தான் வர வேண்டும். கடைசிச் சுற்றை ஸ்பேனரால் முறுக்கச் சொல்லிக் கேளுங்கள், செய்வார்கள்.

அன்று என்னைக் கைவிட்ட ஸ்டெப்னியை வீட்டுக்கு வந்து பார்த்தேன். அதில் 0504 என்று இருந்தது. வண்டியோடு வந்த டயர், ஒருநாள்கூட ரோட்டில் ஓடாதது. இப்போது காற்றுப் பிடிக்கப் போனால் "அஞ்சு சக்கரம் தம்பி" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். பங்க் பையன் நாலுக்கும் பிடித்துவிட்டுக் குழாயைச் சுருட்டப் போவான். நான் இறங்கி டிக்கியைத் திறந்து வைப்பேன்.