பப்பாளியில் தாய், தந்தை மரங்களைத் தேர்ந்தெடுத்தல்

கோ.2 போல ஆணும் பெண்ணும் தனித்தனி மரமாக நிற்கும் பப்பாளி இரகங்களில், தாழ்வாகவே காய்க்கத் தொடங்கி, தண்டு பருத்து, இலைகளில் தேமல் இல்லாத பெண் மரத்தைத் தாயாகக் கொள்ள வேண்டும். தந்தையைத் தேர்வதுதான் கடினம். நீண்ட காம்புகளில் கொத்தாகப் பூக்கும் ஆண் மரம் பொதுவாகக் காய்ப்பதில்லை என்பதால், அந்த ஆண் மரம் எந்தப் பழத்தின் விதையில் வந்ததோ அதே பழத்தின் விதையில் முளைத்த பெண் மரங்களின் பழத்தைச் சுவைத்தே அதனை மதிப்பிட வேண்டியிருக்கிறது. மலர்வதற்கு முந்தைய நாள் மாலையில் பெண் மொட்டைக் காகித உறையால் மூடி, மறுநாள் காலை ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் (மகரந்தத்தை ஏற்கும் நுனிப்பகுதி) தடவி, மீண்டும் உறையிட்டு அடையாளச் சீட்டைக் கட்டவும். பழுத்தபின் விதைகளைச் சாம்பலில் தேய்த்து, வழவழப்பான மேலுறையை நீக்கி, நிழலில் உலர்த்தவும். முளைப்பவற்றில் ஏறத்தாழப் பாதி ஆணாகவே இருக்கும். பூக்கும்வரை அது கண்ணுக்குப் புலப்படாது.